ஒற்றைப் பத்திச் செய்திகளையும் எடைபோடுங்கள்

இதழியல் விருதுகளுக்கு உரியவர்களைத் தேர்ந்தெடுக்கும் நடுவர்களுக்கும், அந்த விருதுகளை நடத்திவரும் அறக்கட்டளைகள், இதழியல் கல்லூரிகள், பத்திரிகையாளர் மன்றங்களின் பொறுப்பாளர்களுக்கும் இந்த மடல்.

சாதிக் கொடுமையையும் கூலிச் சுரண்டலையும் வேலையிடத்துச் சாவையும் எழுதுகிறவர்களைத் தேடிப்பிடித்துப் பாராட்ட வேண்டும் என்று நீங்கள் நினைத்தது நல்ல காரியம். சென்னையில் ஆசிய இதழியல் கல்லூரி, கே.பி. நாராயண குமார் நினைவாகச் சமூகத் தாக்கம் உள்ள இதழியலுக்கு விருது தருகிறது. ராம்நாத் கோயங்கா விருதுகள் நாடறிந்தவை. பெண் ஊடகவியலாளர்களுக்கான சமேலி தேவி ஜெயின் விருது நாற்பது ஆண்டுகளைக் கடந்துவிட்டது. இவற்றால் நல்ல எழுத்து வெளிச்சத்துக்கு வந்திருக்கிறது. அதை மறுக்க இந்த மடலை எழுதவில்லை. உங்கள் நோக்கத்தை நம்புவதால்தான் எழுதுகிறேன். நான் சொல்ல வருவது ஒன்றுதான். பெரும்பாலான விருதுகளின் விண்ணப்ப விதிகள் ஓராண்டுக்குள் வெளிவந்த, எழுதியவர் பெயர் தாங்கிய, நீளமான, உடனடி விளைவு காட்டக்கூடிய கட்டுரையையே கேட்கின்றன. உழைப்பாளர் மீதான அநீதியோ ஓராண்டுக் கணக்கில் நடப்பதில்லை. அதை முதலில் பதிவுசெய்கிறவர் பெரும்பாலும் பெயர் வராத தாலுகா நிருபர். ஆகவே எந்த எழுத்துக்காக விருதை ஏற்படுத்தினீர்களோ, அதன் பெரும்பகுதி நடுவர் மேசைக்கு வருவதற்கு முன்பே கழிந்துபோகிறது.

காவிரிப் படுகையை எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டூர் அணை ஜூன் 12இல் திறந்தால் அது முதல் பக்கத்தில் வரும். கடைமடைக்குத் தண்ணீர் எட்டவில்லை என்றாலும் வரும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் குவித்துவைத்த நெல் மழையில் நனைந்தால் படத்தோடு வரும். ஈரப்பத வரம்பை 17 சதவீதத்திலிருந்து 22 ஆக உயர்த்தும்படி மாநில அரசு டெல்லிக்கு எழுதினால் அதற்கும் இடம் உண்டு. அதே நிலையத்தில் நாற்பது கிலோ சிப்பத்தைத் தூக்கி லாரியில் அடுக்குகிறவருக்கு மூட்டைக்கு என்ன கூலி, அது எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை உயர்கிறது, அவர் முதுகு பழுதானால் பொறுப்பு யாருடையது என்பதெல்லாம் அரிதாகத்தான் அச்சாகும். விவசாயிகளிடம் மூட்டைக்கு இவ்வளவு என்று பணம் வாங்குகிறார்கள் என்ற புகார் ஒவ்வோர் அறுவடையிலும் வருகிறது. நிலையங்களை நடத்தும் நுகர்பொருள் வாணிபக் கழகம் தரும் கூலி கட்டுப்படியாகாததே அந்த வசூலுக்கு அடிப்படை என்று சுமைதூக்குவோர் சொல்லிவருவது, ஆர்ப்பாட்டச் செய்தியின் கடைசி வரியோடு நின்றுவிடுகிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் விவசாயியின் குறைக்கும் சுமைதூக்குபவரின் குறைக்கும் வேர் ஒன்று என்பது தெரியும்.

வயலிலும் இதே நிலைதான். அறுப்பை இயந்திரம் எடுத்துக்கொண்டு வெகுகாலம் ஆயிற்று. நடவுக்கு இப்போது பீகாரிலிருந்தும் மேற்கு வங்கத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். ஏக்கருக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் பேசி நட்டுவிட்டுப் போகிறார்கள். ஆள் பற்றாக்குறை என்ற ஒரு சொல்லில் இதைச் சொல்லி முடித்துவிடுகிறோம். உள்ளூர் நடவுப் பெண்களுக்குக் குறுவை, சம்பா, தாளடி மூன்றிலும் சேர்த்து இன்று எத்தனை நாள் வேலை கிடைக்கிறது, வெளியூரிலிருந்து வருகிறவர்கள் எங்கே தங்குகிறார்கள், நடுவில் இருக்கும் தரகர் எவ்வளவு பிடிக்கிறார் என்று கேட்டு எழுத ஒருவர் மூன்று பட்டம் முழுக்க வயல் வரப்பில் நடக்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சாகுபடியாளர்கள் சுமார் 42 லட்சம் பேர். விவசாயத் தொழிலாளர்கள் சுமார் 96 லட்சம் பேர். இரண்டு மடங்குக்கு மேல் இருப்பவர்கள் வேளாண் செய்திகளில் பாதி இடம்கூடப் பெறுவதில்லை. நகரத்திலும் இப்படித்தான். மயிலாடுதுறையில் பாதாளச் சாக்கடை உள்வாங்கினால் மாவட்டப் பக்கத்தில் பள்ளத்தின் படம் பெரிதாக வரும். அந்தக் குழியைச் சரிசெய்ய இறங்கும் ஒப்பந்தத் தொழிலாளியின் தினக்கூலி வராது. கூறைநாட்டுத் தறிக்கும், மணல்மேடு பக்கம் மூடிக்கிடக்கும் தலைஞாயிறு கூட்டுறவுச் சர்க்கரை ஆலையின் தொழிலாளருக்கும் இதுவே கதி.

அப்படியும் சில செய்திகள் வருகின்றன. ஒற்றைப் பத்தியில், பெயரில்லாமல், மாவட்டப் பக்கத்தின் கீழ் மூலையில் வருகின்றன. அவற்றுக்கு என்ன வலிமை உண்டு என்பதை 2016ஆம் ஆண்டின் இறுதியில் பார்த்தோம். அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் பொய்த்தது. காவிரியிலும் நீர் இல்லை. சம்பா கருகியது. நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர் மாவட்டங்களிலிருந்து நாள்தோறும் ஒரு சாவுச் செய்தி, இரண்டு சாவுச் செய்தி என்று வந்தபடி இருந்தது. வயலில் மயங்கி விழுந்தவர், மாரடைப்பில் போனவர், பூச்சிமருந்து குடித்தவர். எழுதியவர்கள் பெரும்பாலும் பகுதிநேர நிருபர்கள். ஒவ்வொன்றையும் தனியாகப் படித்தால் அதில் எழுத்து நயம் இல்லை, ஆய்வு இல்லை, தாக்கமும் இல்லை. ஆனால் ஒரு மாதத்தில் 106 விவசாயிகள் இறந்ததாக ஊடகங்களில் வந்த செய்திகளைத் தானாகவே கவனத்தில் எடுத்துக்கொண்டு, 2017 ஜனவரி முதல் வாரத்தில் தேசிய மனித உரிமை ஆணையம் மாநில அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது. ஜனவரி 10 அன்று தமிழ்நாடு முழுவதும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. அப்போது 17 விவசாயிகளின் குடும்பங்களுக்கு மட்டும் தலா மூன்று லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. பின்னர் உச்ச நீதிமன்றத்திலோ வறட்சியால் எவரும் இறக்கவில்லை என்ற நிலையை மாநில அரசு எடுத்தது. நூற்றாறுக்கும் பதினேழுக்கும் இடையில் இருந்த அத்தனை சாவுகளுக்கும் பொதுவெளியில் எஞ்சிய சாட்சி அந்தத் துண்டுச் செய்திகள்தான். அவற்றில் ஒன்றைக்கூட உங்கள் விண்ணப்பப் படிவம் ஏற்றுக்கொள்ளாது.

அந்த நிருபர்களின் பணியில் குறை இல்லாமல் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். இறந்தவர் சொந்த நிலம் வைத்திருந்தவரா, குத்தகைக்கு உழுதவரா, கூலியாளா என்ற கேள்வியைப் பல செய்திகள் கேட்கவே இல்லை. எங்கள் மயிலாடுதுறை மாவட்டத்தில் அது சின்னக் கேள்வி அன்று. தருமபுரம், திருவாவடுதுறை ஆதீனங்கள் இருக்கும் பூமி இது. கோயில் நிலத்தையும் மட நிலத்தையும் வாய்மொழிக் குத்தகையில் உழுகிறவர் பெயர் அடங்கலில் ஏறாமல் இருந்தால், அவர் இறந்தாலும் அரசுக் கணக்கில் விவசாயி ஆகமாட்டார். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2014 முதல்தான் சாகுபடியாளர் தற்கொலையையும் விவசாயத் தொழிலாளர் தற்கொலையையும் பிரித்துக் காட்டுகிறது. 2022இல் நாடு முழுவதும் வேளாண் துறையில் பதிவான 11,290 தற்கொலைகளில் 6,083 பேர் விவசாயத் தொழிலாளர்கள். பாதிக்கு மேல். விருதின் வேலை இங்கேதான் இருக்கிறது. இந்தக் கேள்வியைக் கேட்கப் பழகிய நிருபர் ஒருவரை அடையாளம் காட்டினால் பக்கத்து வட்டத்து நிருபரும் கேட்பார். பரிசுப் பணத்தைவிட இந்தப் பழக்கம் பரவுவதுதான் பெரிய பயன்.

பாதாளச் சாக்கடைச் சாவுகளிலும் இதே பாடம் உண்டு. 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், 1993 முதல் சாக்கடையில் இறங்கி இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்தையும் கண்டறிந்து தலா பத்து லட்சம் ரூபாய் தரச் சொன்னது. 2023 அக்டோபரில் அந்தத் தொகையை முப்பது லட்சமாக உயர்த்தியது. இருபது ஆண்டுக்கு முன் இறந்த ஒரு துப்புரவுத் தொழிலாளியை எங்கிருந்து கண்டுபிடிப்பது? காவல் நிலையத்து முதல் தகவல் அறிக்கை இருந்தால் உண்டு. இல்லாவிட்டால் பழைய நாளிதழின் மூலையில் வந்த நான்கு வரிதான் தொடக்கம். விஷவாயு தாக்கி இருவர் பலி என்று அன்றைக்கு யாரோ ஒரு நிருபர் எழுதிவைத்தது இன்றைக்கு ஒரு விதவைக்குச் சட்டப்படியான ஆதாரத்தின் முதல் இழை ஆகிறது. அந்த நான்கு வரியில் ஒப்பந்ததாரர் பெயரும் நகராட்சியின் பங்கும் இருந்ததா என்பதைப் பொறுத்து அந்தக் குடும்பத்தின் வழக்கு நிற்கும் அல்லது விழும்.

கீழவெண்மணியைப் பற்றிப் பேசாமல் இந்த மண்ணிலிருந்து இப்படி ஒரு மடலை எழுத முடியாது. 1968 டிசம்பர் 25 இரவில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். எல்லோரும் தலித் கூலித் தொழிலாளர் குடும்பத்தினர். அது எல்லோருக்கும் தெரியும். அந்த இரவுக்கு முந்தைய ஆண்டுகளைப் பற்றி எவ்வளவு தெரியும்? கீழவெண்மணி அடங்கிய அன்றைய தஞ்சை மாவட்டம் 1960 முதல் தீவிர வேளாண்மைத் திட்டத்தில் இருந்தது. ஆடுதுறை 27 ரகம் வந்து விளைச்சல் ஏறியது. ஏறிய விளைச்சலில் கூலியாகக் கொஞ்சம் கூடுதல் நெல்லைத் தொழிலாளர்கள் கேட்டார்கள். நெல் உற்பத்தியாளர் சங்கம் என்ற பெயரில் மிராசுதார்கள் திரண்டார்கள். வெளியூர் ஆட்களை இறக்கி அறுத்தார்கள். செங்கொடியை இறக்கச் சொன்னார்கள். இதெல்லாம் மாதக்கணக்கில், பருவக்கணக்கில் நடந்தது. பேச்சுவார்த்தை முறிந்தது, கூலிக்கு நெல் அளப்பதில் தகராறு, வெளியூர் ஆட்களைத் தடுத்ததில் கைகலப்பு என்று சிறு செய்திகளாக வரக்கூடிய விஷயங்கள். தமிழகத்தின் பெரிய இதழ்கள் அவற்றைப் பொருட்படுத்திப் பின்தொடரவில்லை. குடிசை எரிந்த பிறகும், விவசாயிகளுக்கு இடையே மோதல் என்ற பாவனையில் முதல் செய்திகள் சில வந்தன. கூலியை ஆராய கணபதியா பிள்ளை ஆணையம் அமைந்ததும், விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்ததும் 1969இல். நாற்பத்து நான்கு உயிர் போன பிறகுதான் ஒரு படி நெல்லின் கணக்கு அரசின் மேசைக்குப் போனது. கூலி பேசும் நாளில் அதை எழுதாத இதழியல், பிணம் எண்ணும் நாளில் எவ்வளவு உருக்கமாக எழுதினாலும் கடமை தவறியதுதான்.

அந்த வழக்கில் நாகப்பட்டினம் செஷன்ஸ் நீதிமன்றம் 1970இல் தண்டித்தவர்களைச் சென்னை உயர் நீதிமன்றம் 1973இல் விடுதலை செய்தது. கார் வைத்திருக்கும் பெரும் நிலக்கிழார்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பும்படி இல்லை என்பது நீதிமன்றம் சொன்ன காரணங்களில் ஒன்று. ஐக்கிய நாடுகள் அவையின் நியூயார்க் வேலையை விட்டு வந்த மைதிலி சிவராமன் கீழவெண்மணிக்கு நேரில் போனார். கொலையின் பின்னால் இருந்த கூலிக் கணக்கை எழுதினார். தீர்ப்பு வந்தபோது அதையும் விடாமல் எழுதினார். 2013இல் அவர் கட்டுரைகள் நூலாகத் தொகுக்கப்பட்டபோது, ஒரு தலைமுறையின் தஞ்சை வரலாற்றுக்கு அதுவே முக்கிய ஆவணமாக இருந்தது. இன்றைய விதிகளின்படி அவர் விண்ணப்பிக்க முடியாது. அவர் எந்த நாளிதழின் ஊழியரும் இல்லை, தொழிற்சங்கத்தில் இருந்தவர், அவர் எழுத்து ஓராண்டுக்குள் எதையும் மாற்றவில்லை. வாச்சாத்தியும் அப்படித்தான். 1992 ஜூனில் அந்தப் பழங்குடிக் கிராமத்தில் வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் செய்த கொடுமைக்கு, 2011 செப்டம்பரில் குற்றம்சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. முப்பத்தோரு ஆண்டுகள். ஓராண்டுத் தாக்கம் என்ற உங்கள் கட்டத்தில் 1992இன் செய்திக்குப் பூஜ்ஜிய மதிப்பெண்தான் விழுந்திருக்கும்.

இதற்கு மறுப்புகள் உண்டு. முதலாவது, தரம். துண்டுச் செய்திகளுக்கு விருது கொடுத்தால் விருதின் மதிப்பு இறங்கிவிடும், நல்ல எழுத்துக்கும் தகவல் குறிப்புக்கும் வேறுபாடு இல்லாமல் போய்விடும் என்பார்கள். இந்தக் கவலை நியாயமானது. ஆனால் நான் கேட்பது ஒரு துண்டுக்கு விருது அன்று. ஒருவர் ஐந்தாண்டோ பத்தாண்டோ ஒரே பொருளைப் பற்றி எழுதிய துண்டுகளின் தொகுப்பை எடைபோடும் வழி. பி. சாய்நாத்தின் பெயரை நாடறியச் செய்த பணி, மிகவும் ஏழ்மையான மாவட்டங்களிலிருந்து அவர் டைம்ஸ் ஆஃப் இந்தியாவுக்கு அனுப்பிய 84 செய்திகள். அவற்றில் நம்முடைய புதுக்கோட்டையும் ராமநாதபுரமும் இருந்தன. 1996இல் அவை நூலான பிறகே அதன் முழு உருவம் தெரிந்தது. அந்த நூலின் உரிமைத்தொகையைக் கொண்டு அவர் இந்திய மொழிகளில் எழுதும் கிராமப்புறச் செய்தியாளர்களுக்கு ஒரு விருதை நிறுவினார் என்பதை இந்த இடத்தில் நினைவூட்ட வேண்டும். பெருநகர ஊடகங்கள் எடுத்தாளும் பல கதைகளை முதலில் எழுதியவர் எங்கோ ஒரு சிறுநகர நிருபர் என்பதை அவர் அறிந்திருந்தார். தரத்தை அளக்க வேறு கோல்களும் உண்டு: எண்கள் சரியா, முதலாளி தரப்பையும் கேட்டாரா, தான் எழுதியதன் பின்விளைவைத் தேடித் திரும்பப் போனாரா, தவறாக வந்ததைத் திருத்தினாரா. நடையழகைவிட இவற்றைச் சோதிப்பது கடினம். நடுவர்கள் அந்த உழைப்பைச் செலுத்த வேண்டும்.

இரண்டாவது மறுப்பு, நடுநிலை. கூலிக்காரர் பக்கம் நின்று எழுதுவது பிரச்சாரம், அதற்கு விருது கொடுத்தால் செய்தியாளர்களைச் சங்கத் தொண்டர்களாக்கிவிடுவோம் என்ற அச்சம். அமெரிக்காவில் சிட்னி ஹில்மன் பரிசு 1950 முதல் பொதுநலன் சார்ந்த இதழியலுக்கு வழங்கப்படுகிறது. ஹில்மன் ஆடைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர். அவர் இறந்த பிறகு அந்தச் சங்கத்தின் முயற்சியில் பிறந்த அறக்கட்டளை அது. அதனால் அங்கே இதழியல் கெட்டுவிடவில்லை. தாய்லாந்துக் கடலுணவுத் தொழிலில் அடிமைப்பட்டிருந்தவர்களைப் பற்றி அசோசியேட்டட் பிரஸ் செய்த பணிக்கு 2016இல் பொதுச்சேவைக்கான புலிட்சர் கிடைத்தது; இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் விடுதலை ஆனார்கள். தொழிலாளர் பக்கம் சாய்ந்த செய்தி என்று எவரும் அதைத் தள்ளவில்லை. அடிமைப்பட்டவர்களை ஒரு தீவில் நேரில் பார்த்து, அவர்கள் பிடித்த மீன் எந்தக் கப்பலில் ஏறி எந்தக் கடைக்குப் போனது என்பதுவரை நிரூபித்ததால் அது நின்றது. நாற்பது கிலோ மூட்டைக்கு என்ன கூலி என்பது சரிபார்க்கக்கூடிய உண்மை. அதைச் சரிபார்த்து எழுதுகிறவரைச் சார்புடையவர் என்றால், எழுதாமல் விடுகிறவரின் சார்பு யார் பக்கம் என்று கேட்க வேண்டிவரும்.

மூன்றாவது மறுப்பைத் தாலுகா நிருபர்களே சொல்வார்கள், அதுவே எனக்கு வலுவானதாகப் படுகிறது. விருது எதற்கு, சம்பளம் கொடுங்கள் என்பார்கள். இவர்களில் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. வரிக்கு இவ்வளவு என்றோ சிறு தொகுப்பூதியமாகவோ கிடைக்கும். விளம்பரம் பிடித்துத் தந்தால் கழிவு உண்டு. அரிசி ஆலைக்காரரிடமும் ஒப்பந்ததாரரிடமும் கவுன்சிலரிடமும் பிறந்தநாள் வாழ்த்து விளம்பரம் கேட்டுப் போகிறவர், மறுநாள் அவர்களிடம் வேலைசெய்கிறவரின் கூலியைப் பற்றி எப்படி எழுதுவார்? மஜீதியா ஊதியக் குழுவின் பரிந்துரை 2011இல் அறிவிக்கப்பட்டது, 2014இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அது பல செய்தி அறைகளுக்கே முழுதாக வரவில்லை. வட்டத் தலைநகரங்களுக்கு எங்கே வரும்? உழைக்கும் பத்திரிகையாளருக்கென்றே இருந்த 1955ஆம் ஆண்டுச் சட்டமும் இப்போது புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களுக்குள் கரைந்துவிட்டது. ஆகவே விருது சம்பளத்துக்கு மாற்றாகாது என்பதை முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். அதே சமயம், விருது கொடுக்கிறவர்கள் கையில் ஒரு பிடி இருக்கிறது. தொழிலாளர் நலச் செய்திக்கு விண்ணப்பிக்கும் நிறுவனம், அந்தச் செய்தியை எழுதியவருக்கு என்ன அடிப்படையில் ஊதியம் தருகிறது, அவர் விளம்பரம் பிடிக்க வேண்டியிருக்கிறதா என்பதைப் படிவத்தில் எழுதித்தர வேண்டும் என்று ஒரு விதி வையுங்கள். எழுத மறுக்கும் நிறுவனத்தின் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புங்கள். கூலியைப் பற்றிய எழுத்துக்குப் பரிசு வாங்க வருகிற நிறுவனத்திடம் இதைக் கேட்பதில் தவறே இல்லை.

ஆபத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். உத்தரப் பிரதேசத்தின் மிர்சாப்பூரில் பள்ளிக் குழந்தைகளுக்கு மதிய உணவாக ரொட்டியும் உப்பும் கொடுத்ததை 2019இல் படம்பிடித்து வெளியிட்ட உள்ளூர் நிருபர் பவன் ஜெய்ஸ்வால் மீதே வழக்குப் போட்டார்கள். நாடெங்கும் எதிர்ப்பு எழுந்து, பிரஸ் கவுன்சில் தலையிட்ட பிறகு அவர் பெயரை நீக்கினார்கள். 2022 மே மாதம் அவர் புற்றுநோயால் இறந்தார். சிகிச்சைக்குப் பணமில்லாமல் பொதுமக்களிடம் உதவி கேட்கும் நிலையில் இருந்தார். 2025 ஜனவரியில் சத்தீஸ்கரின் பிஜாப்பூரில் சாலை ஒப்பந்த ஊழலை எழுதிய முகேஷ் சந்திராகரின் உடலை ஒரு செப்டிக் தொட்டியிலிருந்து எடுத்தார்கள். இப்படி எழுதும் நிருபர் ஒருவரை மேடையேற்றி மாலை போட்டு அனுப்பிவிட்டால், அதே ஊரில் அதே ஆட்கள் நடுவில் அவர் வாழ வேண்டும். ஆகவே சில வேளைகளில் பெயரை அறிவிக்காமலே விருதைக் கொடுக்க வேண்டியிருக்கும். எல்லா வேளையிலும் விருதோடு ஒரு வழக்கறிஞரின் உதவியும் மருத்துவக் காப்பீடும் சேர வேண்டும். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துத் தரும் நினைவுப் பரிசுகளின் செலவைக் குறைத்தாலே இதற்கு ஒரு பகுதி கிடைத்துவிடும்.

அரசே விருது தருகிறதே என்று சிலர் கேட்கலாம். தமிழ்நாடு அரசு 2021இல் அறிவித்த கலைஞர் எழுதுகோல் விருது ஐந்து லட்சம் ரூபாய் கொண்டது. மூத்த இதழாளர்களின் வாழ்நாள் பணியை மதிப்பது. அதில் குறை காண மாட்டேன். ஆனால் தொழிலாளர் செய்திக்கு அரசு விருது பொருந்தாது. படுகையில் பெரும்பாலான தொழிலாளர் பூசல்களில் எதிர்த்தரப்பு அரசுதான். கொள்முதல் நிலையத்தின் பருவகாலப் பட்டியல் எழுத்தருக்கும் சுமைதூக்குபவருக்கும், நகராட்சியின் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளிக்கும், சத்துணவு, அங்கன்வாடி ஊழியருக்கும், ஊரக வேலைத் திட்டத்தின் கூலி பாக்கிக்காகக் காத்திருக்கும் பெண்ணுக்கும் கூலி கொடுக்க வேண்டியது அரசு. தான் செய்தியாக்கும் அரசிடமிருந்து செய்தியாளர் விருது வாங்கக் கூடாது என்று சாய்நாத் 2009இல் பத்ம விருதை ஏற்க மறுத்தார். அரசுக்குச் சொன்ன அதே காரணம், விழாவுக்குப் பணம் தரும் நூற்பாலைக்கும் கட்டுமான நிறுவனத்துக்கும் பொருந்தும். உங்கள் மேடையின் பின்திரையில் யார் பெயர் இருக்கிறது என்பதை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சுதேசமித்திரனைத் தொடங்கிய ஜி. சுப்பிரமணிய ஐயர் திருவையாற்றில் பிறந்தவர். கல்கி பிறந்த புத்தமங்கலம் மயிலாடுதுறை மாவட்டத்தில்தான் இருக்கிறது. தேவதாசி முறைக்கு எதிராகப் போராடி எழுதிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரின் ஊர் மயிலாடுதுறை நகரத்தை ஒட்டியது. தமிழ் இதழியலுக்கும் சமூக எழுத்துக்கும் இவ்வளவு கொடுத்த நிலப்பரப்பிலிருந்து, இங்கே கூலிக்கு உழைக்கும் மக்களைப் பற்றி ஆண்டுக்கணக்கில் எழுதுகிறவர்கள் உங்கள் பட்டியலில் இடம்பெற வேண்டும். அடுத்த ஆண்டின் விண்ணப்பப் படிவம் அச்சுக்குப் போகும் முன் சில மாற்றங்களைச் செய்யுங்கள். ஒரே பொருளைப் பற்றிப் பத்தாண்டுக்குள் எழுதிய சிறு செய்திகளின் தொகுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். பெயர் வராத செய்தி என்றால் அதை எழுதியவர் இவர்தான் என்று பதிப்பாசிரியர் தரும் சான்று போதும் என்று வையுங்கள். தமிழில் எழுதியதைத் தமிழிலேயே படிக்கக்கூடிய நடுவர்களை அமர்த்துங்கள். ஆங்கிலச் சுருக்கம் கேட்காதீர்கள். நிறுவனம் பரிந்துரைக்காவிட்டாலும், ஒரு விவசாயத் தொழிலாளர் சங்கமோ துப்புரவுப் பணியாளர் அமைப்போ, தங்களைப் பற்றிச் சரியாக எழுதியவர் இவர் என்று முன்மொழிய வழி விடுங்கள். தை மாத அறுவடையில் ஒரு வாரம் நடுவர்கள் இந்தப் பக்கம் வந்து, விண்ணப்பத்தில் உள்ள செய்தி எந்தக் கொள்முதல் நிலையத்தைப் பற்றியதோ அங்கே நின்று அதைச் சரிபாருங்கள். சென்னையிலிருந்து ரயிலில் ஓரிரவுப் பயணம்தான். வாருங்கள்.

இப்படிக்கு,
மயிலாடுதுறையிலிருந்து ஒரு வாசகர்